தவறு நேர்ந்தால் யார் தலையில் விடியும்? தொண்டு நிறுவனங்களுக்கு ஏஐ பற்றி ஓர் எளிய அறிமுகம்

மாலை ஆறு மணி. ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் அலுவலகம். மறுநாள் காலைக்குள் நிதி கொடுப்பவர்களுக்குக் காலாண்டு அறிக்கை போயாக வேண்டும். களப்பணியாளரின் கணினியில் படிப்பைப் பாதியில் விட்ட 43 பிள்ளைகளின் விவரம் எக்செல் கோப்பாக இருக்கிறது. பெயர், ஊர், அப்பா பெயர், சாதி, பள்ளியை ஏன் விட்டார்கள் என்ற குறிப்பு. சில குறிப்புகளில் குழந்தைத் திருமணம் என்று எழுதியிருக்கிறது. ஒன்றிரண்டில் அதைவிடக் கொடுமையான சங்கதிகள். அவர் அந்தக் கோப்பை அப்படியே எடுத்து சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலியில் போட்டு, "இதை வைத்து இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கொடு" என்கிறார். அரை நிமிடத்தில் அறிக்கை வந்துவிடுகிறது. நன்றாகவும் இருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தத் துறையில் ஒரு வருடம் வேலை பார்த்த யாருக்கும் அந்த மாலை அந்நியமாக இருக்காது. அந்தப் பணியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் பற்றாக்குறை, குறைந்த சம்பளம், வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும் அறிக்கைகள். கைக்கு எட்டிய தூரத்தில் உதவி இருக்கும்போது யாராக இருந்தாலும் எடுக்கத்தான் செய்வார்கள். ஆனாலும், அந்த 43 பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாமல், அவர்கள் வீட்டுக்கும் தெரியாமல், அவர்களுடைய கதை அலுவலகத்தை விட்டு வெளியே போய்விட்டது.

செயற்கை நுண்ணறிவை, அதாவது ஏஐயை, பொறுப்போடு பயன்படுத்துவது என்று ஏராளமாகப் பேசப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் தடிதடியாகக் கொள்கை ஆவணங்கள் வெளியிடுகின்றன. அவற்றைப் படித்து முடித்த பிறகும், நாளைக் காலை நம் அலுவலகத்தில் என்ன செய்வது என்பது விளங்குவதில்லை. நான் இதை ஒரே கேள்வியாகச் சுருக்கிப் பார்க்கிறேன்: இயந்திரம் தவறு செய்தால் அது யார் தலையில் விடியும்?

கடைக்காரர் தந்த பொருள் சரியில்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். தொண்டு நிறுவனத்தைத் தேடி வருகிறவருக்குப் பெரும்பாலும் அடுத்த கடை கிடையாது. கணவனின் அடிக்குத் தப்பி நள்ளிரவில் உதவி எண்ணை அழைக்கும் பெண், அந்த ஒரு எண்ணைத்தான் தெரிந்து வைத்திருப்பார். ஏஐயால் மிச்சமாகும் நேரமும் பணமும் நிறுவனத்துக்கு. அது செய்யும் பிழையோ அந்தப் பெண்ணுக்கு. இந்த ஏற்றத்தாழ்வுதான் எல்லாவற்றுக்கும் அடி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியை ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலில், ஏஐ என்று எதைச் சொல்கிறோம்?

தொண்டு நிறுவனங்கள் சந்திக்கும் ஏஐ பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கணிக்கும் வகை. பழைய தகவல்களைக் கொடுத்தால் அவற்றில் ஒரு போக்கைக் கண்டுபிடித்து, இந்த மாணவர் பள்ளியை விட்டு நிற்கக்கூடும், இந்த வயலில் பூச்சி தாக்கக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லும். இன்னொன்று எழுதும் வகை. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை இதில் சேரும். கேள்வி கேட்டால் பதில் எழுதும், சுருக்கித் தரும், மொழிபெயர்க்கும், படம்கூட வரையும்.

எழுதும் வகை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்வது நல்லது. "ஆழம் தெரியாமல்" என்று யாராவது ஆரம்பித்தால் "காலை விடாதே" என்று நம் வாய் தானாக முடித்துவிடும். ஆயிரம் முறை கேட்ட பழக்கம். இந்த இயந்திரங்களின் அடிப்படை வேலையும் அதுதான். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதைக் கற்றுக்கொண்டவை. அந்தத் திறமையிலிருந்து வியக்க வைக்கும் அளவுக்கு நல்ல விளக்கங்களும் கடிதங்களும் பிறக்கின்றன. ஆனால் பொருத்தமாக ஒலிக்கும் வாக்கியம் உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை.

2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் இது சந்தி சிரித்தது. விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் மேற்கோள் காட்டியிருந்த பழைய தீர்ப்புகள் பல, உலகத்திலேயே கிடையாது. சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. வழக்குப் பெயர், நீதிபதி பெயர், வருடம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

நம் அலுவலகங்களில் இதே சங்கதி நிதி கேட்டு எழுதும் திட்ட அறிக்கையில் நடக்கும். "இந்த மாவட்டத்தில் இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் எத்தனை சதவீதம்?" என்று கேட்டால், தசம புள்ளியோடு ஓர் எண் வரும். அது தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், காற்றிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த அந்த ஐந்தாவது சுற்று ஆய்வின் மாவட்ட அறிக்கை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

டெஸ்ஸாவின் கதை

இந்தத் தலைப்பில் யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை. அங்கே உணவுப் பழக்கக் கோளாறுகளுக்கான தேசிய சங்கம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக நீடா. உடல் இளைக்க வேண்டும் என்று சாப்பிடாமலே கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற நோய்களில் சிக்கியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணை நிற்கும் அமைப்பு. 1999 முதல் ஓர் உதவி எண் நடத்திவந்தது. ஒரு சில ஊழியர்கள், ஏறத்தாழ 200 தன்னார்வலர்கள். சுமை தாங்க முடியாத ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அது நடந்த சில நாட்களிலேயே, உதவி எண் மூடப்படும் என்ற அறிவிப்பு அவர்களுக்கு வந்தது. 2023 மே மாதம் இந்தச் செய்தி வெளியே தெரிந்தது. இனி டெஸ்ஸா என்ற உரையாடல் மென்பொருள் மக்களுக்குக் கிடைக்கும் என்றார்கள்.

மே முடிவதற்குள் டெஸ்ஸாவையும் நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் அதனிடம் பேசிப் பார்த்தார். அவருக்கு அது எடை குறைக்க யோசனை சொன்னது. ஒரு நாளைக்கு 500 முதல் 1,000 கலோரி வரை குறைத்துக்கொள்ளலாம் என்றது. வாரம் தவறாமல் எடை பார்க்கச் சொன்னது. வேறு யாரிடம் சொன்னாலும் சாதாரண உணவு ஆலோசனை. பட்டினியே நோயாகிப் போனவரிடம் சொன்னால் விஷம்.

டெஸ்ஸா ஏதோ அவசரத்தில் கட்டிய பொம்மை அன்று. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்கறையோடு உருவாக்கியது. 700 பெண்களிடம் சோதித்து, பலன் இருக்கிறது என்று ஆய்விதழிலும் வெளியிட்டிருந்தார்கள். அந்த முதல் வடிவத்தில் அதன் பதில்கள் எல்லாம் நிபுணர்கள் முன்பே எழுதி வைத்தவை. எழுதாத ஒன்றை அதனால் சொல்லவே முடியாது. பிறகு அதை இயக்கிவந்த மென்பொருள் நிறுவனம், தானே பதில் எழுதும் ஏஐயை அதில் சேர்த்தது. தங்களுக்கு அது தெரியாது என்றது நீடா. ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் செய்தோம் என்றது மென்பொருள் நிறுவனம். இருவரில் யார் சொல்வது சரியாக இருந்தாலும், அந்த உரையாடலின் மறுமுனையில் இருந்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒருமுறை சோதித்துவிட்டோம் என்பது போதாது. சோதித்த பொருளும் இன்று ஓடிக்கொண்டிருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று கேட்க வேண்டும். மென்பொருளை மாற்றினால் எழுத்தில் தெரிவித்து, மறுபடி சோதித்த பிறகே மாற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இயந்திரத்தை வைத்தார்கள். பக்கத்தில் வைக்கவில்லை. பிழை நேர்ந்தபோது தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை.

அதே ஆண்டு ஜனவரியில் கோகோ என்ற அமைப்பைச் சுற்றி இன்னொரு சர்ச்சை. மனச்சோர்வில் இருப்பவர்களுக்குச் சக மனிதர்கள் ஆறுதல் எழுதி அனுப்பும் தளம் அது. அந்த ஆறுதல்களை எழுத ஜிபிடி-3 என்ற எழுதும் வகை ஏஐ உதவி செய்யும்படி ஒரு சோதனை நடத்தினார்கள். ஏறக்குறைய 4,000 பேருக்கு அப்படிச் செய்திகள் போயின. அனுப்புவதற்கு முன் மனிதர்கள் பார்த்தார்கள். செய்திகளுக்கு மதிப்பெண்கூட அதிகமாகவே கிடைத்தது. ஆனால் எழுதியதில் இயந்திரத்துக்குப் பங்கு உண்டு என்று தெரிந்ததும் அந்த ஆறுதல் ஆறுதலாக இல்லாமல் போயிற்று என்று அதன் நிறுவனரே பொதுவெளியில் சொன்னார். பதிலில் பிழையே இல்லை. இருந்தும் ஏதோ ஒன்று உடைந்தது. "உன் கஷ்டத்தை நான் கேட்டேன்" என்ற சொல்லுக்கு மதிப்பு வருவதே, கேட்க ஒருவர் நேரம் ஒதுக்கினார் என்பதால்தான்.

மும்பையிலிருந்து ஒரு நல்ல உதாரணம்

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏஐயே வேண்டாம் என்று ஒதுங்குவதும் சரியில்லை. மும்பையில் ஆர்ம்மன் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. மகப்பேறு மருத்துவர் அபர்ணா ஹெக்டே 2008இல் தொடங்கியது. அதன் எம்-மித்ரா திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கும் தொலைபேசியில் பதிவு செய்த குரல் செய்திகள் இலவசமாகப் போகும். இந்த மாதத்தில் என்ன சாப்பிட வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எந்தத் தடுப்பூசி எப்போது என்று.

சிக்கல் என்னவென்றால், போகப்போகப் பல பெண்கள் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஊழியர் ஒருவர் நேரில் பேசி, "ஏம்மா கேட்கிறதில்லை? வேற நேரத்துல கூப்பிடட்டுமா?" என்று கேட்டால் சிலர் திரும்ப வருவார்கள். ஆனால் லட்சக்கணக்கான பெண்கள். ஊழியர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவு. யாரைக் கூப்பிடுவது?

இங்கேதான் கூகுளின் இந்திய ஆய்வுப் பிரிவோடு சேர்ந்து ஏஐயைக் கொண்டுவந்தார்கள். தகவல்கள் எளியவை: வயது, படிப்பு, எத்தனையாவது மாதம், கைபேசி யாருடையது, எந்த நேரத்தில் அழைத்தால் வசதி. அவற்றோடு, இதுவரை அழைப்புகளைக் கேட்ட விதம். இவற்றிலிருந்து, ஊழியர் பேசினால் எந்தப் பெண்ணிடம் மாற்றம் அதிகமாக இருக்கும் என்று இயந்திரம் வாரா வாரம் ஒரு பட்டியல் தரும். ஏறக்குறைய 23,000 பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்து ஏழு வாரம் சோதித்தார்கள். ஏஐ தேர்ந்தெடுத்த பிரிவில், கேட்பதைக் கைவிடுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது. அதன் பிறகே, 2022இல், நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது நம் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். இந்த ஏஐ ஒரு பெண்ணைத் தவறாக விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஊழியரின் ஓர் அழைப்பு அவருக்கு வராது. குரல் செய்திகள் எப்போதும்போல் போய்க்கொண்டிருக்கும். மருத்துவ ஆலோசனையை இயந்திரம் எழுதவில்லை. பெண்ணிடம் பேசுவதும் இயந்திரம் இல்லை, மனிதர். ஏற்கெனவே பற்றாக்குறையாக இருந்த மனித நேரத்தை எங்கே செலவிடுவது என்று மட்டும் அது கைகாட்டுகிறது. தவறினால் சேதம் சிறியது, சரியாக இருந்தால் பலன் பெரியது. டெஸ்ஸாவில் இது தலைகீழாக இருந்தது. ஏஐயை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தகவல் யாருடையது?

களப்பணியில் நமக்குக் கிடைக்கும் தகவல்கள் நம்பிக்கையின் பேரில் கிடைப்பவை. திண்ணையில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் மோர் குடித்து, மூன்றாவது முறை போனபோதுதான் அந்த அம்மா வாய் திறந்திருப்பார். அதை அவர் சொன்னது நம் பணியாளரிடம். ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் சர்வரிடம் இல்லை. இலவச ஏஐ செயலிகள் பலவற்றில், நாம் எழுதுவதை அந்த நிறுவனம் தன் இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்திக்கொள்ளும் என்று விதிமுறையிலேயே இருக்கும். செயலியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் அதை அணைத்து வைக்கும் வசதியும் பெரும்பாலும் உண்டு. முதல் வேலையாக அதை அணையுங்கள். ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். நகரத்துக்கு ஓரளவு போதலாம். ஒரு கிராமத்தில், "ஒன்பதாம் வகுப்பு, அப்பா இறந்துவிட்டார், தம்பிக்குக் காது கேட்காது, அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை" என்று எழுதினால் பெயரே வேண்டாம். ஊரில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். அடையாளம் என்பது பெயரில் மட்டும் இல்லை, விவரங்கள் ஒன்றுசேரும் விதத்தில் இருக்கிறது.

சில தகவல்களைச் சட்டமே பூட்டி வைத்திருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, சட்டத்தோடு முரண்பட்ட சிறார்களையும் பாதுகாப்பு தேவைப்படும் சிறார்களையும் அதே போலக் காக்கிறது. ஒருவருக்கு எச்ஐவி இருக்கிறது என்பதை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் சொல்கிறது. இந்த மூன்று வகைக் குறிப்புகளும் பொதுவான ஏஐ செயலி எதற்குள்ளும் போகவே கூடாது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பொதுவாகப் பார்த்தால், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. அதில் நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று விஷயங்கள் முக்கியம். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். தகவலை எதற்காக எடுக்கிறோம் என்ற அறிவிப்பை, தகவல் தருபவர் விரும்பினால், தமிழிலேயே பெற உரிமை உண்டு. வேலையை இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு தகவல் சேகரித்தவரையே சேரும். டெஸ்ஸா விவகாரத்தில் நடந்ததுபோல் ஒருவரையொருவர் கைகாட்ட இங்கே இடமில்லை. இலங்கையில் வேலை செய்பவர்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஒப்புதல் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்காவில் கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற அமைப்பு, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களோடு குறுஞ்செய்தி வழியே பேசுகிறது. அந்த உரையாடல்களிலிருந்து பெயர் முதலியவற்றை நீக்கிவிட்டு, வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் உருவாக்கும் தன் லாப நோக்கக் கிளை நிறுவனத்தோடு பகிர்ந்துவந்தது. 2022 ஜனவரியில் பத்திரிகையில் இது வெளியானதும் எதிர்ப்பு வெடித்தது. சில நாட்களில் பகிர்வை நிறுத்தினார்கள். விதிமுறைகளில் எல்லாம் எழுதியிருக்கிறது, பயனர்கள் சம்மதித்திருக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் முதலில் சொன்ன பதில். சாகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஐம்பது பத்தி விதிமுறையைப் படித்துச் சம்மதித்தார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஊரில் இதற்கு நிகர், கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சுய உதவிக் குழுப் பெண்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவது. அதை ஒப்புதல் என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

இன்னும் ஒரு விஷயம். தேவையில்லாததைச் சேகரிக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவினுடைய சர்வருக்குள்ளேயே யாரோ ஊடுருவியிருந்தது தெரியவந்தது. போரிலும் பேரிடரிலும் பிரிந்துபோன குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் பணிக்காகத் திரட்டிய 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் இருந்தன. அவ்வளவு அனுபவமும் ஆள்பலமும் உள்ளவர்களுக்கே அந்த நிலை.

முகவரிக்குள் ஒளிந்திருக்கும் சாதி

உதவித்தொகைக்கு ஆயிரம் விண்ணப்பம் வருகிறது, நூறு பேருக்குத்தான் பணம் இருக்கிறது. முந்தைய ஆண்டுகளில் யாருக்குக் கொடுத்தோம், அவர்களில் யார் படித்து முடித்தார்கள் என்ற தகவலைக் கொடுத்து, ஏஐயையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாமே என்று தோன்றும். சாதி, மதம் என்ற பத்திகளை நீக்கிவிட்டோம், ஆகவே பாரபட்சம் வராது என்றும் தோன்றும்.

முகவரியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் முகவரியில் 'காலனி' என்று இருந்தால் அது எதைக் காட்டிக்கொடுக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் தீண்டாமையின் அடையாளமாக ஆகிவிட்டது என்பதால் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். மனிதர்கள் ஒரே சொல்லில் படித்துவிடும் சாதியை, ஆயிரம் முகவரிகளைப் பார்க்கும் இயந்திரமும் படித்துவிடும். அதற்கு சாதி என்றால் என்னவென்று தெரியாது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள், ஆகவே மதிப்பெண்ணைக் குறை என்று மட்டும் கற்றுக்கொள்ளும். ஏன் நின்றார்கள் என்று கேட்காது. நாம் உதவித்தொகை ஆரம்பித்ததே அந்த 'ஏன்' என்ற கேள்விக்காக.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க அரசு பயன்படுத்திய முறையில், வேற்று நாட்டுக் குடியுரிமை ஓர் ஆபத்துக் குறியாக வைக்கப்பட்டிருந்தது. பல்லாயிரம் பெற்றோர் ஏமாற்றுக்காரர்களாக முத்திரை குத்தப்பட்டுக் கடனில் மூழ்கினார்கள். 2021 ஜனவரியில் அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. அது அரசாங்கம், கேள்வி கேட்க நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் இருந்தன. ஒரு தொண்டு நிறுவனம் உதவி மறுத்தால் மறுக்கப்பட்டவர் எங்கே போய் முறையிடுவார்?

ஆகவே யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்ற முடிவை இயந்திரத்திடம் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விடுபட்ட சான்றிதழ்களைக் கண்டுபிடிக்க, ஒரே விண்ணப்பம் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மனிதர் ஒருவர் சரிபார்ப்பார் என்று சொல்லிச் சமாதானப்படுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு நாளைக்கு இருநூறு முடிவுகளைச் சரிபார்க்கச் சொன்னால், இருபதாவதுக்குப் பிறகு கை தானாகவே 'சரி' பொத்தானுக்குப் போகும்.

தமிழில் கேட்டால் என்ன ஆகும்?

தமிழில் இந்த இயந்திரங்கள் முன்பைவிட எவ்வளவோ தேறிவிட்டன. சென்னை ஐஐடியில் உள்ள ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இயந்திரம், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 இந்திய மொழிகளையும் கையாள்கிறது. ஆனால் இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் உள்ள எழுத்து மிகக் குறைவு. அதனால் ஆங்கிலத்தில் தடுமாறாத இடத்தில் தமிழில் தடுமாறும்.

ஒரு சின்ன உதாரணம். "அவர் மருத்துவமனைக்குப் போனார்." நம் மொழியில் 'அவர்' ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. ஆங்கிலத்துக்குப் போகும்போது இயந்திரம் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அடிக்கடி ஆணாக்கிவிடும். குடும்ப வன்முறை வழக்கொன்றின் குறிப்பில், யார் யாரை அடித்தார் என்பதே இதனால் புரண்டுபோகும். அந்த ஆங்கிலக் குறிப்புதான் வழக்கறிஞர் கைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகளும் அப்படித்தான். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு வழக்கமான பெரிய உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். 'ஒரு டம்ளரில்' என்று ஓர் இடத்தில் தவறி வந்தால் உப்பின் செறிவு பல மடங்காகி, குழந்தைக்கு ஆபத்தாகும். வாக்கியத்தில் பிழையே தெரியாது, அழகாக ஒலிக்கும்.

எனவே மக்களிடம் நேராகப் பேசும் எதையும் வெளியே விடுவதற்கு முன், கிராம சுகாதாரச் செவிலியர்களிடமிருந்து நிஜமான கேள்விகள் ஐம்பதைத் திரட்டுங்கள். ஊரில் கேட்கும் விதத்திலேயே, "புள்ளைக்கு மூணு நாளா வெளிக்கிப் போவுது, என்ன குடுக்கட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். நாகர்கோவில் பேச்சிலும் தருமபுரிப் பேச்சிலும் கேளுங்கள். பதில்களை அந்தச் செவிலியர்களே திருத்தட்டும். ஐம்பதில் ஒன்று ஆபத்தான பதில் என்றாலும் அது மக்களிடம் போகத் தயாராக இல்லை.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2023இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பின் ஒரு பிரிவு, 2021 கொலம்பியப் போராட்டங்களில் நடந்த காவல்துறை அடக்குமுறையைப் பற்றிய பதிவுக்கு ஏஐ வரைந்த படங்களைப் போட்டது. போராடியவர்களின் முகம் தெரிந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் படத்தில் கொடியின் நிறங்கள் வரிசை மாறி இருந்தன, காவலர் சீருடை பழையதாக இருந்தது. பத்திரிகையாளர்கள் கண்டித்ததும் நீக்கினார்கள். நடந்தது உண்மை என்று சாட்சி சொல்வதே வேலையாகக் கொண்ட அமைப்புக்கு, நடக்காத படம் ஒன்றே போதும், நடந்ததையும் பொய் என்று மறுப்பவர்களுக்கு வழிகாட்ட. பசித்த குழந்தையின் ஏஐ படத்தை நன்கொடை வேண்டுகோளில் போட நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். முகத்தை மறைக்க வேண்டுமானால் கைகளைப் படமெடுக்கலாம், முதுகுப்பக்கத்திலிருந்து எடுக்கலாம், ஓவியரிடம் வரையச் சொல்லலாம்.

அலுவலகத்தில் எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தெந்த வேலைக்கு ஏஐ பயன்படுத்தலாம், எந்தத் தகவல் அதற்குள் போகக் கூடாது, எதை யார் சரிபார்த்த பிறகு வெளியே அனுப்பலாம், தவறு நடந்தால் யாரிடம் சொல்வது. கடைசியில் ஒரு பெயர் இருக்க வேண்டும், குழுவின் பெயர் இல்லை, ஒரு மனிதரின் பெயர். எழுதுவதற்கு முன் பணியாளர்களைக் கூப்பிட்டு, இப்போது எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்று பயமில்லாமல் சொல்லச் சொல்லுங்கள். தண்டிப்போம் என்ற நினைப்பு அவர்களுக்கு வந்தால் பழக்கம் கைபேசிக்குள் ஒளிந்துகொள்ளும், அது இன்னும் மோசம்.

பயனாளிகளிடமும் கேளுங்கள். "உங்கள் கேள்விக்கு முதலில் இயந்திரம் பதில் சொல்லும், மனிதரிடம் பேச வேண்டுமானால் இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று தமிழில் தெளிவாகச் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். அந்த எண்ணை அழுத்தினால் உண்மையிலேயே ஒருவர் எடுக்க வேண்டும்.

நன்கொடையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏஐ இருந்தால் நிதி தருகிறோம் என்று கேட்பவர்கள், அதைச் சோதிக்கவும் பணியாளருக்குப் பயிற்சி தரவும் ஆகும் செலவையும் சேர்த்துத் தர வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம்.

மறுபடி அந்த மாலைக்கு வருவோம். அதே பணியாளர், அதே எக்செல் கோப்பு. இந்த முறை அவர் கோப்பை எங்கும் பதிவேற்றவில்லை. எக்செல்லிலேயே எண்ணிக்கைகளை எடுக்கிறார்: எந்த வகுப்பில் எத்தனை பேர், எந்தக் காரணத்தால் எத்தனை பேர், எத்தனை பேர் திரும்பப் பள்ளிக்குப் போனார்கள். ஓர் இடத்தில் 'ஒருவர்' என்று மட்டும் வருகிறது. ஊரில் அது யார் என்று தெரிந்துவிடும் என்பதால் அதைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடுகிறார். அந்த எண்களையும் சென்ற காலாண்டு அறிக்கையின் தலைப்புகளையும் மட்டும் ஏஐயிடம் கொடுக்கிறார். வந்த அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தன் தாளோடு ஒப்பிடுகிறார். அவர் கொடுக்காத ஒரு சதவீதம் எங்கிருந்தோ முளைத்திருக்கிறது, அதை அடிக்கிறார். ஏழேகால் ஆகிவிட்டது. திருமணம் நின்றுபோய் மறுபடி பள்ளிக்குப் போன பெண்ணைப் பற்றிய பத்தி மட்டும் பாக்கி. அவளிடமும் அவள் அம்மாவிடமும், என்ன எழுதலாம், எதை எழுத வேண்டாம் என்று போன வாரமே கேட்டு வைத்திருக்கிறார். அந்தப் பத்தியை அவரே எழுத ஆரம்பிக்கிறார்.